புயல் யார் செயல்? சாவு யார் செயல்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காளக் குடாக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஏற்பட்டிருக்கின்றது என்கின்ற செய்தி வந்தவுடன், இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள நம் ஜனங்கள் வழக்கமாய் இரண்டு வார்த்தை சொல்லுகிறார்கள். ஒன்று, "புயல் கடற்கரைக்காரன் பாடு, மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கென்ன?" என்பது. மற்றொன்று, "வருவது வந்துதான் தீரும், தலையில் எழுதினதை யார் அழிக்க முடியும்?" என்பது. முதல் வார்த்தை பூகோளம் தெரியாததால் வருகின்றது. இரண்டாவது வார்த்தையோ, பூகோளம் தெரிந்தவர்களும்கூடத் தெரிந்ததைக் கொண்டு காரியம் செய்யாமல் தப்பித்துக் கொள்வதற்காகச் சொல்லுகின்ற வார்த்தையாகும். இவ்விரண்டும் சேர்ந்து நம்மைப் புயலைவிட அதிகமாய்க் கெடுத்து வருகின்றன என்பதே நமது அபிப்பிராயம்.

முதல் வார்த்தையை முதலில் எடுத்துக் கொள்வோம். புயல் என்பது கரையைத் தொட்டவுடன் செத்துப் போகின்ற பிராணியல்ல. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலம் வேதாரணியத்துக்குப் பக்கத்தில் கரை ஏறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டு, அத்துடன் நில்லாமல் திண்டுக்கல், கொடைக்கானல் வழியாய் மலையைத் தாண்டிப் போய் அரபிக் கடலில் இறங்கிற்று. கொடைக்கானல் எங்கே, வேதாரணியம் எங்கே? அந்த மலையிலும் மண் சரிந்து உயிர்கள் போயின.

அன்றியும், நம் ஊர்களுக்குப் புயல் காற்றாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, தண்ணீராக வரும். மன்னார் குடாவிலோ குமரிக் கடலிலோ ஒரு சுழற்சி ஏற்பட்டால், ஈரம் சுமந்த கீழ்க்காற்று நேராய் வந்து மேற்குமலைச் சுவரில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே கொட்டுகின்றது. அந்தத் தண்ணீர் இராஜபாளையத்துக்கு முடங்கியாற்றிலும் அய்யனார் கோவில் ஆற்றிலும், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பு ஓடைகளிலும், வத்திராயிருப்புப் பக்கத்துக்குப் பிளவக்கல் அணைகளின் வழியாகவும் இறங்குகின்றது. இவை காவேரியைப் போல் நாள் கணக்கில் நடந்து வருகின்ற ஆறுகள் அல்ல. மணிக்கணக்கில் ஓடி வந்துவிடுகின்ற குட்டை ஆறுகள். வருஷத்தில் பெரும்பாகம் மணலாய்க் கிடப்பதைப் பார்த்து, இதிலா வெள்ளம் வரப் போகின்றது என்று ஏமாந்துவிடுகிறோம். 2015 மே மாதத்தில் புயல் எதுவும் இல்லாத கோடையில், சதுரகிரி மலைப்பாதையில் திடீரென்று ஓடை பெருகிப் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு மாண்டதை நம் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலோ, பெயர் வைக்கத் தக்க புயல்கூட இல்லாமல், வெறும் காற்றுச் சுழற்சி ஒன்றினால் மாத்திரமே நமக்கு அடுத்த தூத்துக்குடி ஜில்லாக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் தண்ணீருக்கு நடுவில் அகப்பட்டு நின்றது. விருதுநகர் ஜில்லாவில் சராசரியாய் வருஷம் முழுவதும் பெய்கின்ற மழையே சுமார் 80 சென்டிமீட்டர்தான். அம்மேகம் சற்று வடக்கே தள்ளி நம் மலைமீது நின்றிருந்தால், நம் கண்மாய்களும், கரைகளும், கரைக்குக் கீழே குடிசை போட்டிருக்கிறவர்களும் என்ன ஆகியிருப்பார்கள்? கடற்கரைக்காரன் பாடு என்று சொல்லுகின்றவர்கள் இதற்கு மாத்திரம் பதில் சொல்லட்டும்.

நிற்க, இரண்டாவது வார்த்தைக்கு வருவோம். இந்தத் தலைவிதி விஷயத்தைப் பேசுவதற்கு 1964-ம் வருஷத்துத் தனுஷ்கோடியை எடுத்துக் கொள்ளுகிறோம். 1985-ல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு தனி ஜில்லா ஏற்படும் வரையில் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை. தனுஷ்கோடியும் அதே ஜில்லா. ஆதலால் அது யாரோ அந்நியருடைய கதையல்ல. நம் சொந்த ஜில்லாவின் கதையேயாகும்.

அந்த வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு, இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியின் மேல் ஏறிற்று. இருபது அடிக்கு மேல் எழும்பிய கடல் ஊரை விழுங்கிற்று. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டி, கைகாட்டி வேலை செய்யாமற்போன நிலையில், என்ன வருகின்றதென்று அறியாமலே முன்னுக்குப் போய், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் அலையில் மறைந்தது. பாம்பன் பாலத்தின் கர்டர்களை அலை பிடுங்கிக் கொண்டு போயிற்று. சர்க்கார் அந்தப் பாலத்தை 46 நாளில் மறுபடியும் நிறுத்திவிட்டது. ஆனால் தனுஷ்கோடி ஊரையோ, மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று சொல்லிக் கைவிட்டுவிட்டது. பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் திரும்பி வந்த மீனவர்கள் எத்தனையோ வருஷம் விளக்குக்கூட இல்லாத குடிசைகளில் கிடந்தார்கள். இரும்புக்கு 46 நாள். மனிதனுக்கு அரை நூற்றாண்டு!

இந்தத் தனுஷ்கோடிச் சாவைப்பற்றி இன்றைக்கும் பக்தர்கள் பெருமையாய்ச் சொல்லிக் கொள்ளுகின்ற ஒரு கதை உண்டு. அதாவது, பொங்கி வந்த கடல் இராமேசுவரம் பெரிய கோவிலுக்குச் சமீபத்தில் வந்து நின்றுவிட்டது என்றும், கோவிலுக்குள் ஒதுங்கிய நூற்றுக்கணக்கான ஜனங்கள் பிழைத்தார்கள் என்றும், இது சுவாமியின் மகிமை என்றும் சொல்லுகிறார்கள். ஜனங்கள் பிழைத்ததில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். தனுஷ்கோடியில் கோவில் இல்லையா? மாதாகோவில் இல்லையா? அங்கே இடிந்து நிற்கின்ற மாதாகோவில் சுவர்களை இன்றைக்கும் போகின்றவர்கள் படம் பிடித்துக் கொண்டு வருகிறார்களே, அந்தச் சாமிகளுக்கெல்லாம் மகிமை இல்லாமற் போனதேன்? ஒரு சாமிக்கு மகிமை உண்டு, மற்ற சாமிக்கு இல்லை என்று எந்த ஆஸ்திகராவது சொல்ல முன்வருவாரா?

உண்மை என்னவென்றால், இராமேசுவரம் கோவில் நல்ல கல்லால், கனத்த சுவருடன், உறுதியான அஸ்திவாரத்தின் மேல், கடலின் கைக்குச் சற்று எட்டாத இடத்தில் கட்டப்பட்ட கட்டிடம். அது கட்டிடமாக ஜனங்களைக் காப்பாற்றிற்று. அதே மாதிரியான கட்டிடம் ஒன்று தனுஷ்கோடியில், சாமியே இல்லாமல், வெறும் சத்திரமாகவோ பள்ளிக்கூடமாகவோ தக்க உயரத்தில் இருந்திருக்குமானால் அதுவும் காப்பாற்றியிருக்கும். ஆகவே அந்தக் கதையிலிருந்து புத்தியுள்ளவன் கற்றுக் கொள்ள வேண்டிய பாடம், மேட்டில் உறுதியான கட்டிடம் கட்டி, ஆபத்துக் காலத்தில் எல்லோரையும் உள்ளே விடவேண்டும் என்பதுதான்.

எல்லோரையும் என்று ஏன் அழுத்திச் சொல்லுகிறோம்? சென்னை மாகாணத்தில் கோவில் நுழைவுச் சட்டம் 1947-ல் வந்தது. அந்தப் புயல் 1964-க்குப் பதிலாக அச்சட்டத்துக்கு முந்தி ஒரு வருஷத்தில் வந்திருக்குமானால், கோவில் கதவு யாருக்குத் திறந்திருக்கும்? தாழ்த்தப்பட்டவன் பெண்டு பிள்ளைகளுடன் அலைக்கும் மதிலுக்கும் நடுவில் அல்லவா நின்றிருக்க வேண்டும்? அப்பொழுது அவனைக் கொன்றது கடலா, கதவா?

இனி, புயல் என்பது என்ன? கடலின் மேல்தண்ணீர் சுமார் 26, 27 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் ஏராளமாய் ஆவி எழுகின்றது. ஆவி எழும்பின இடத்தில் காற்றின் அழுத்தம் குறைகின்றது. குறைந்த இடத்துக்கு நாலு பக்கத்துக் காற்றும் ஓடி வருகின்றது. பூமி சுற்றிக் கொண்டே இருப்பதால், ஓடி வருகின்ற காற்று நேரே வராமல் வளைந்து சுழலுகின்றது. மேலே போன ஆவி மழையாகும்போது விடுகின்ற வெப்பமே இந்தச் சுழற்சிக்குத் தீனி. நிலத்தில் ஏறினால் தீனி குறைந்து மெலிகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் இருந்த பிடிங்டன் என்கின்ற ஒருவர், பாம்பு சுருண்டு கிடப்பதைப் போல் காற்று சுருளுவதைக் கண்டு இதற்குச் சைக்ளோன் என்று பெயர் வைத்தார். 1864-ல் கல்கத்தாவை ஒரு புயல் பாழாக்கியதும், அதன் பிறகு பஞ்சங்கள் வந்ததும் காரணமாக, 1875-ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. இதில் எந்தத் தேவதையின் கோபமும் இல்லை. எந்தக் கிரகத்தின் பார்வையும் இல்லை. அடுப்பில் வைத்த உலைக்கும் வங்காளக் குடாக்கடலுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

இப்படியிருக்க, சித்திரை மாதம் பிறந்தவுடன் பஞ்சாங்கம் படித்து, இந்த வருஷம் மேகாதிபதி இன்னார், இத்தனை புயல் உண்டாகும், இத்தனை மரக்கால் மழை என்று சொல்லுவதும், ஐப்பசியில் எங்கேயாவது ஒரு புயல் அடித்தால் "பார்த்தீர்களா, பஞ்சாங்கத்தில் அப்பொழுதே இருக்கிறது" என்று சொல்லுவதும் நம் நாட்டில் நடந்துகொண்டே இருக்கின்றன. வங்காளக் குடாக்கடலில் புயல் உண்டாகும் என்று சொல்லுவதற்கு ஒரு சோசியன் வேண்டுமா? மார்கழியில் பனி பெய்யும் என்பதும் ஒரு ஜோசியமா? எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கு வடக்கே, எவ்வளவு வேகத்தில் வரும் என்று பஞ்சாங்கக்காரர் முன்கூட்டிச் சொல்லி ஒரு மீனவனாவது கரைக்குத் திரும்பினான் என்று காட்டட்டும். நாம் ஒப்புக் கொள்ளுகிறோம்.

வானிலை இலாகாவும் தவறவில்லையா என்று கேட்பார்கள். தவறிற்று. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் குமரிமுனைக்குப் பக்கத்தில் வெகு விரைவில் பலத்துவிட்டது. எச்சரிக்கை வருவதற்கு முன்னமேயே ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேருவதற்கு வழியில்லாமல் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தும் காணாமலும் போனார்கள். அதற்காகச் சர்க்காரைக் கேள்வி கேட்டோம். கேட்க வேண்டியதும் நியாயமே. விஞ்ஞானம் தவறினால் ஏன் தவறிற்று என்று கேட்கலாம், கணக்கைத் திருத்தலாம், கருவியை மாற்றலாம். பஞ்சாங்கம் தவறினால் யாரைக் கேட்பது? குருவையா, சனியையா?

இன்னும் சிலர், புயலும் பூகம்பமும் ஜனங்கள் செய்த பாவத்துக்குத் தண்டனை என்கிறார்கள். இது ஏதோ படியாதவர்கள் மாத்திரம் சொல்லுவதல்ல. 1934 ஜனவரி 15-ந் தேதி பீஹாரில் பூகம்பம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டபொழுது, நமக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் அந்த மாதம் 24-ந் தேதி பேசிய காந்தியார், அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று சொன்னார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் காந்தியாருடன் ஒத்துப்போன ரவீந்திரநாத் தாகூரே இந்த வார்த்தையைப் பொறுக்கமாட்டாமல், இயற்கையின் நிகழ்ச்சிக்கு இம்மாதிரிக் காரணம் கற்பிப்பது ஜனங்களின் மூடத்தனத்தை வளர்க்கும் என்று மறுத்து எழுதினார். நாமும் தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்கின்றவர்களே. ஆனால் கேட்கிறோம்: தீண்டாமை பாராட்டினவன் குற்றவாளி என்றால், பீஹாரில் இடிபாட்டுக்குள் செத்த தாழ்த்தப்பட்டவன் செய்த குற்றம் என்ன? தொட்டிலில் கிடந்த குழந்தை யாரைத் தீண்டமாட்டேன் என்றது? திருடினவனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவனையும் சேர்த்துத் தூக்கில் போடுகின்ற ஒரு நீதிபதியை நாம் ஒரு நாளாவது வேலையில் வைத்திருப்போமா? தவிரவும், புயல் கடவுள் கொடுத்த தண்டனை என்பது உண்மையானால், கஞ்சித்தொட்டி வைப்பதும், படகு விடுவதும் கடவுள் தீர்ப்புக்கு விரோதமல்லவா? ஒரே வாயால் தண்டனை என்றும் சொல்லி, அதே வாயால் நிவாரண நிதிக்குப் பணம் கொடுங்கள் என்றும் கேட்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

விதியும் பாவமும் எவ்வளவு பொய் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். இராஜபாளையத்துக்காரரும், இந்த இராஜ்யத்தின் பிரதம மந்திரியாய் இருந்தவருமான குமாரசாமி ராஜா அவர்கள் 1954 முதல் 1956 வரை ஒரிசாவுக்குக் கவர்னராய் இருந்ததை இவ்வூர்க்காரர்கள் பெருமையாய் நினைப்பார்கள். அந்த ஒரிசாவின் கணக்கையே பார்ப்போம். 1999 அக்டோபர் 29-ந் தேதி அங்கே அடித்த பெரும்புயலில், சர்க்கார் கணக்குப்படியே சுமார் பதினாயிரம் பேர் செத்தார்கள். 2013 அக்டோபர் 12-ந் தேதி அதே கரையில் பைலின் என்கின்ற மிகக் கடும் புயல் அடித்தது. செத்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. 2019 மே 3-ந் தேதி ஃபானி புயல் நேராய்ப் பூரிக்குப் பக்கத்தில் ஏறிற்று. செத்தவர்கள் 64 பேர். ஒரு உயிர் போனாலும் நஷ்டந்தான். ஆனால் பதினாயிரம் எங்கே, அறுபத்து நான்கு எங்கே?

இடையில் என்ன மாறிற்று? பூரி ஜகந்நாதர் 1999-லும் அங்கேதான் இருந்தார். 2019-லும் அங்கேதான் இருந்தார். ஒரிசா ஜனங்களின் தலையெழுத்தை யாராவது அழித்து எழுதினார்களா? ஒன்றும் இல்லை. 1999 சாவுக்குப் பிறகு அந்த ராஜ்யத்தில் ஆபத்துக்கால வேலைக்கென்றே ஒரு தனி ஸ்தாபனம் வைத்தார்கள். கடற்கரை நெடுகிலும் மேட்டில் நூற்றுக்கணக்கான புயல் காப்பகங்கள் கட்டினார்கள். கிராமத்து ஜனங்களுக்கே பழக்கம் கொடுத்தார்கள். பைலின் வந்தபொழுது சுமார் பத்து இலட்சம் பேரையும், ஃபானி வந்தபொழுது சுமார் பன்னிரண்டு இலட்சம் பேரையும் முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இது இந்து நாட்டுக்கு மாத்திரம் பொருந்துகின்ற கணக்கும் அல்ல. 1970-ல் இன்றைய வங்காள தேசத்தில் ஒரே புயலில் மூன்று இலட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். காப்பகமும் எச்சரிக்கையும் ஏற்பட்ட பிறகு 2020-ல் அங்கே அம்பான் புயலில் சாவு சில பத்துப் பேரோடு நின்றது. அல்லாவும் மாறவில்லை, கடலும் மாறவில்லை, மனிதன் ஏற்பாடு மாறிற்று. ஆகவே புயல் இயற்கையின் செயல்; சாவு பெரும்பாலும் மனிதன் செயல் அல்லது மனிதன் செய்யாமல் விட்ட செயல் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

சரி, மனிதன் செயல் என்றால் எந்த மனிதனுடைய செயல்? யார் சாகிறார்கள் என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். மாடி வீட்டுக்காரன் புயலைக் கதவடைத்துக் கொண்டு கேட்கிறான்; குடிசைக்காரன்தான் புயலைத் தலையில் வாங்குகிறான். நம் கிராமங்களில் ஊர் மேட்டில் இருக்கின்றது. சேரி பள்ளத்தில் இருக்கின்றது. பள்ளத்தில் குடியிருக்க வேண்டும் என்று மேகமா சட்டம் போட்டது? கண்மாய் உடைந்தால் முதலில் முழுகுவது எது என்பதை நம் முன்னோர்கள் ஜாதியைக் கொண்டு தீர்மானம் செய்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பின் தண்ணீர் தன் வேலையைச் செய்கின்றது. 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல்கோளுக்குப் பிறகு நாகப்பட்டினம் ஜில்லாவில், வீடும் பிள்ளையும் பறிகொடுத்த நிலையிலும், தாழ்த்தப்பட்டவர்களுடன் ஒரே முகாமில் தங்கமாட்டோம், ஒரே தொட்டித் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்றவர்கள் இருந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். கடல் எல்லோர் வீட்டையும் சமமாய் அடித்துக் கொண்டு போயிற்று. ஜாதியை மாத்திரம் அதனால் அடித்துக் கொண்டு போக முடியவில்லை!

செத்தது போக, பிழைத்தவன் கதி என்ன? பயிருக்கு நிவாரணம் என்கிறார்கள். நூற்றுக்கு 33 பங்குக்குக் குறையாமல் பயிர் பாழாகியிருக்க வேண்டும் என்பது விதி. 2022-ல் வகுத்த மத்திய சர்க்கார் விகிதப்படி ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய். இது போதுமா என்பது ஒரு புறமிருக்க, இது யார் கைக்குப் போகின்றது? பட்டாவிலும் அடங்கலிலும் பெயர் உள்ளவன் கைக்குப் போகின்றது. வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்து, நகை அடகு வைத்து உழுது விதைத்தவன் பெயர் அடங்கலில் இல்லை. அந்த வயலில் களை எடுக்கின்ற பெண்ணின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. குத்தகைக்காரன் உரிமையைப் பதிவு செய்வதற்கென்று இந்த ராஜ்யத்தில் 1969-ம் வருஷத்திலேயே சட்டம் வந்திருக்கின்றது. ஆனால் பதியக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்கின்ற பயத்தில் ஏழைக் குடியானவன் வாயை மூடிக் கொள்ளுகிறான். தென்னை சாய்ந்தால் தோப்புக்காரனுக்கு மரக்கணக்கில் பணம். மரம் ஏறினவனுக்கும், நார் உரித்தவனுக்கும், புதுக்கன்று காய்க்கின்ற வரையில் ஐந்தாறு வருஷத்துக்கு வேலை எங்கே? சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டுகின்ற மருத்துவத் துணியை நெய்து தேசமெங்கும் அனுப்புகிறார்களே, மின்சாரம் நின்று தறி ஓடாத நாட்களில் அவர்கள் வயிற்றுக் காயத்துக்குக் கட்டுப் போடுகின்றவர் யார்?

இந்த இடத்தில்தான் தர்மவான்கள் வருகிறார்கள். பத்துப் பொட்டலம் சோற்றைக் கொடுத்துவிட்டு, பொட்டலத்துக்கு ஒரு படம் எடுத்துக் கொண்டு போகிறார்கள். பசித்தவனுக்குச் சோறு கொடுப்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. அவசரத்துக்கு அது வேண்டியதே. ஆனால் கண்மாய் வரத்துக் கால்வாயை மறித்துச் சுவர் எழுப்பினவனே, வெள்ளம் வந்த மறுநாள் அன்னதானத்துக்கு அண்டா இறக்கினால் அவனைப் புண்ணியவான் என்று சொல்லுவதா? வீட்டைக் கொளுத்தினவன் தண்ணீர் குடம் கொண்டு வருவதற்குப் பேர் தர்மமா? நிவாரணம் என்பது பிச்சையல்ல. ஜனங்கள் கொடுக்கின்ற வரிப்பணத்தில் இருந்து, ஜனங்களின் கஷ்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய பாத்தியதையேயாகும். கையேந்தி வாங்கிக் கும்பிடுகின்றவன், அடுத்த வருஷம் கேள்வி கேட்கமாட்டான் என்பது கொடுக்கின்றவனுக்கு நன்றாய்த் தெரியும்.

ஆகவே நம் இரண்டு ஊர்க்காரர்களும் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, கண்மாய். மலையடிவாரத்தில் இருந்து ஒன்றின் கலுங்குத் தண்ணீர் மற்றொன்றுக்குப் போகும்படியாய் நம் முன்னோர் சங்கிலி போல் கண்மாய்களை வெட்டி வைத்தார்கள். எந்த மந்திரத்தையும் நம்பாமல் மண்ணையும் மட்டத்தையும் பார்த்துச் செய்த பகுத்தறிவு வேலை அது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் புயல் மழை ஊருக்குள்தான் போகும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் வருஷத்துச் சட்டம் இருக்கின்றது. எந்தக் கண்மாயில் எவ்வளவு இடம் யாரிடத்தில் இருக்கின்றது என்கின்ற ஜாபிதாவை ஒவ்வொரு ஊரிலும் பகிரங்கமாய் ஒட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏழையின் குடிசையை முதலில் இடித்துவிட்டுப் பெரிய மனிதன் தோப்பை அளக்காமல் விடுகின்ற வழக்கத்தையும் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். குடிசையை எடுப்பதானால் மேட்டில் மனை கொடுத்துவிட்டு எடுக்கட்டும்.

இரண்டாவது, ஒதுங்கும் இடம். பள்ளத்தில் இருக்கின்ற ஒவ்வொரு தெருவுக்கும் இன்ன கட்டிடம் என்று புரட்டாசிக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போதாவிட்டால் கல்யாண மண்டபம், மில் கிடங்கு, கோவில் மண்டபம், மாதாகோவில், மசூதி எதுவானாலும் திறக்க வேண்டும். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே பந்தி என்பது நிபந்தனையாய் இருக்க வேண்டும். அங்கு ஜாதி கேட்கின்றவனைச் சட்டப்படி நடவடிக்கைக்கு ஆளாக்க வேண்டும்.

மூன்றாவது, செய்தி. மலையில் எவ்வளவு மழை, அணையில் எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்குத் திறப்பு என்பது ஆபீசுக் காகிதத்தில் இருந்தால் போதாது. தண்டோராவிலும், ஒலிபெருக்கியிலும், கையிலுள்ள டெலிபோனிலும் சேரிக் கடைசிக் குடிசை வரையில், இரவானாலும், போய்ச் சேர வேண்டும். தனுஷ்கோடி ரயிலும் ஒக்கி மீனவனும் அழிந்தது செய்தி சேராததால் அல்லவா?

நான்காவது, ஜாபிதா. குத்தகைக்காரன், கூலிக்காரன், தறிக்காரன், வீட்டு வேலைக்காரி எல்லோர் பெயரும் புயலுக்கு முந்தியே கணக்கில் ஏறியிருக்க வேண்டும். வேலை போன நாளுக்குக் கூலி கேட்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆள் எங்கே என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று பெரிய தேரை இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் ஒரே வடத்தைப் பிடிக்கின்றனவே, அந்தக் கைகள் மறுமாதம் எங்கே போய்விடுகின்றன? அதில் பத்தில் ஒரு பங்கு, புரட்டாசியில் நாலு நாள் மண்வெட்டியைப் பிடித்தால் வரத்துக் கால்வாயில் ஒரு முள்ளுச்செடி மிஞ்சுமா? பதினோரு நிலைக் கோபுரத்தை இவ்வளவு காலம் நிற்கும்படியாய்க் கட்டின ஊருக்கு, ஒரு கலுங்கையும் ஒரு காப்பகத்தையும் கட்டத் தெரியாது என்று யார் நம்புவார்கள்? கோபுரம் நிற்பது மகிமையால் அல்ல, அஸ்திவாரத்தால். அந்த அஸ்திவாரத்தை ஏழையின் வீட்டுக்கும் போடுங்கள் என்பதே நாம் சொல்லுவது.

தோழர்களே! அடுத்த கார்த்திகையில் மேகம் கிழக்கே கறுக்கும்பொழுது, தலைவிதி என்று எவனாவது சொன்னால், "ஒரிசாக்காரன் தலைவிதியை யார் மாற்றினார்கள்?" என்று அவனைக் கேளுங்கள். பாவம் என்று சொன்னால், "பள்ளத்தில் குடியிருப்பவன்தான் பாவியா?" என்று கேளுங்கள். புயலைத் தடுக்க இன்னும் மனிதனுக்கு வழி ஏற்படவில்லை. ஆனால் சாவைத் தடுக்க வழி ஏற்பட்டு வெகு நாளாகிவிட்டது. வழி இருந்தும் செய்யாமல் விட்டுச் செத்தவர்களுக்காகக் கடவுள்மேல் பழி போடுவது, கடவுள் இருக்கிறார் என்கின்றவர்களுக்கே அவமானமல்லவா என்பதை ஆஸ்திகர்களும் சற்று யோசித்துப் பார்ப்பார்களாக.